முழங்காலில் ஒரு மஞ்சள் டேக்

போன வருடம் ஆடி மாதம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எனக்குத் தரச் சோதனை வேலை. ஊரான் செய்த பாகத்தில் எல்லாம் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன், என் முழங்கால் எலும்புக்குள் கட்டி வளர்ந்ததைக் கண்டுபிடிக்காமல் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

சென்னையில் எலும்புக்குள் ஊசி விட்டுத் துளி சதை எடுத்தார்கள். டாக்டர் சொன்னார்: "பெரிய பெரிய செல்லா தெரியுது. சாதுவான கட்டிலயும் இப்படி இருக்கும், பரவுற கேன்சர்லயும் இருக்கும். எந்த செல்லுல இருந்து கிளம்புச்சுன்னு மார்க்கர் டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும். ஒரு வாரம் ஆகும்."

நிறையப் படிக்கிறவன் என்ற கெட்ட பெயர் எனக்கு உண்டு. அந்த வாரம் படித்ததில், எனக்கு இல்லாத எலும்புப் புற்றுநோயே இல்லை; குழந்தைகளுக்கு வருவதைக்கூட விட்டுவைக்கவில்லை. என் இரங்கல் கூட்டத்தில் யார் என்ன பொய் சொல்வார்கள் என்பதுவரை யோசித்தாகிவிட்டது.

கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட், வாலாஜாபாத்காரர், லைன் சூப்பர்வைசர். அவரிடம் சொன்னேன். ஆறுதல் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் டேக்கை எடுத்து என் முழங்காலில் கட்டினார். சந்தேகம் உள்ள பாகத்துக்கு மஞ்சள் கட்டித் தனியே வைப்பது எங்கள் வழக்கம். சோதனை முடியும்வரை அதைத் தூக்கி எறிய யாருக்கும் உரிமை கிடையாது. தேறினால் பச்சை, கழித்தால் சிவப்பு.

"யோவ், ஹோல்டுல கீற பீஸ நீயே ஸ்கிராப்ல போட்டுகினு கீறியே, இன்னா குவாலிட்டிகாரன்யா நீ? டேக்க அவுத்த, மெமோ குடுத்துடுவேன்!"

பஸ்ஸே சிரித்தது. அந்த வாரத்தில் முதல்முறையாக நானும்.

முடிவு வாங்க அவரும் லீவு போட்டு வந்தார். மார்க்கர் காட்டிக்கொடுத்துவிட்டது. பெரிய செல்கள் வெறும் வேடிக்கை பார்க்க வந்த கூட்டமாம். நடுவே சத்தமில்லாமல் இருந்த சின்ன செல்கள்தான் கட்டியைக் கிளப்பியவையாம். "கேன்சர் இல்ல. சுரண்டி எடுத்துட்டு எலும்பு சிமெண்ட் வச்சு அடைச்சிடலாம். அப்பப்போ வந்து காட்டணும், அவ்வளவுதான்."

"சிமெண்டா? டெய்லி தண்ணி ஊத்தணுமா டாக்டர்?" என்றார் நண்பர். டாக்டர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வெளியே வராந்தாவில் குந்தி உட்கார்ந்து மஞ்சள் டேக்கை அவிழ்த்தார். முடிச்சு வரவில்லை, பல்லால் கடித்தார். பிறகு பையிலிருந்து பச்சை டேக் வந்தது. கையெழுத்துகூடப் போட்டு வைத்திருந்தார்.

"சிவப்பு எடுத்துக்கினு வர்லயா?" என்று கேட்டேன்.

"அத்த எதுக்குயா எடுத்தாறப் போறேன்?"

சோதனை முடிவு வருமுன் பச்சை டேக்கில் கையெழுத்துப் போடுவது எங்கள் கம்பெனியில் பெரிய குற்றம். என் சர்வீஸில் கண்ணால் பார்த்தும் ரிப்போர்ட் செய்யாமல் விட்ட ஒரே விதிமீறல் அதுதான். சிமெண்ட் வைத்த காலோடு பஸ் ஏறும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்கிறேன்.