துரையின் வருத்தம்

ஆங்கிலத்தில் நான் வெறுக்கும் வினைச்சொல் ஒன்று உண்டு: ரிக்ரெட். மலாயாவுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்த காலத்தில் மலாக்கா டவுனில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். ‘வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ’ என்று அடிக்காத நாளே கிடையாது. லீவு இல்லை, சம்பள உயர்வு இல்லை, வேலை இல்லை, எல்லாவற்றுக்கும் அதே வருத்தம். துரை அதைச் சொல்லும்போது வாயிலிருந்து பைப்பைக்கூட எடுக்க மாட்டார்.

ஒருநாள் எரிச்சலில் ஆபீஸ் அகராதியைப் புரட்டினேன். வருந்துதல், இழந்ததை எண்ணி ஏங்குதல், கடிதங்களில் மறுப்பை மரியாதையாகத் தெரிவித்தல் என்று போட்டிருந்தது. மூலம் பழைய பிரெஞ்சு. அங்கே செத்தவருக்காக அழுது புலம்புவதற்கு அந்தச் சொல்லாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆளா ஒப்பாரி வைக்கப் போகிறார்?

அந்த வாரமே, காஜா பேராங்கில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். இரண்டுமே கம்பெனி வீடுகள். அக்காவின் கணவர் கம்பெனி லோரி ஓட்டியவர். கருமாதி முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மகள் பரீட்சை எழுதும்வரை வீட்டில் இருக்க அக்கா அனுமதி கேட்டிருந்தார். வருந்துகிறோம், மாதக் கடைசிக்குள் காலி செய்யவும் என்று அடித்துக் கொடுத்தேன்.

ஆங்கிலம் தெரியாத அக்கா கடிதத்தை என்னிடமே கொண்டுவந்தார். வாசித்து அர்த்தம் சொன்னேன்.

“யாரு வருந்துறா? அவரு செத்தன்னிக்கு ஒருத்தன் வந்து எட்டிப் பாக்கல. தம்பி, நீ பதில் எழுது. அதே மாதிரியே எழுது. நானும் வருந்துறேன், புள்ள பரீச்ச முடியாம வீட்ட விட்டுப் போக முடியாதுன்னு.”

கேட்கக் கேட்க மனசு குளிர்ந்தது. கை துறுதுறுத்தது. ஆனால் எங்கள் வரிசையில் அந்த ஆங்கிலம் எழுத என்னை விட்டால் ஆளில்லை. துரை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

“முடியாதுக்கா, வேல போயிரும். எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு.”

அக்கா கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கினார்.

“தொரகிட்ட நல்லாத்தான் படிச்சிருக்க.”

பரீட்சைக்கு முன்பே அந்த வீடு காலியானது. சாமான் ஏற்ற நான் போகவில்லை. போயிருந்தாலும் மறுபடி அந்த ‘வருத்தமா இருக்கு’வைத்தான் சொல்லியிருப்பேன்.