டெக்காரரு ஓட்டாம விட்ட காட்சி

அம்பாசமுத்திரத்துல வீடியோ டெக்கும் கேசட்டும் வாடகைக்கு விடுத அந்த மனுசரு ஒல்லியா, வெத்தலைக் கறையோட இருப்பாரு. பொம்பளைங்க பாக்குத வீட்டுல கட்டிப்பிடிக்குத காட்சி வந்தா, பட்டனை அமுக்கி விறுவிறுன்னு முன்னால ஓட்டிருவாரு. படத்துல பிள்ளை எப்படிப் பொறந்துச்சுன்னே எங்களுக்குத் தெரியாது.

அன்னைக்கு ஒரு வெளிநாட்டுப் படம். போன வாரம் அவரு போட்ட மொதப் படத்துல ஆத்துல பொணமாக் கெடந்த பொட்டப்பிள்ளையோட முந்தின கதையாம். மரம் பேசுது, சுவரு அழுவுது. நடுவுல அப்பங்காரன் அவளைப் போட்டு அடிக்குதான். டெக்காரரு ஓட்டவே இல்ல.

எதிர்வீட்டுக்காரனும் மவளோட எங்க வீட்டுல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தான். அந்தப் பிள்ளை கையில பெல்ட்டுத் தழும்பு இருக்கது தெருவுக்கே தெரியும். யாரும் கேட்டதில்ல.

எனக்கு டெக்காரரு மேல சந்தேகம் தட்டுச்சு. "ஏன்வே, முத்தத்தை ஓட்டுதீரு, இந்தக் கொடுமைய விட்டு வச்சிருக்கீரு. உமக்கு இதுலதான் ருசியோ?"

"பொணமாக் கெடந்தப்போ கண்ணெடுக்காம பாத்தியள்லா ஆச்சி. அவ எப்படிச் செத்தாங்கதை மட்டும் ஓட்டணுமோ?"

சொல்லும்போது அவரு என்னையப் பாக்கல, எதிர்வீட்டுக்காரனைப் பாத்தாரு. அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

அவருக்கு வெசயம் தெரியுமா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுச்சா, இன்னைக்கும் வெளங்கல. மறுநாள் காலையில எதிர்வீட்டுப் பிள்ளையக் கூப்பிட்டு, "ஏட்டி, கையக் காட்டு"ன்னேன்.