ராகு காலம் கழித்துக் கிளம்பினோம்

காலை 9.25 மணிக்கு ஏரவாடாவில் எங்கள் ஆட்டோ நின்றது. சாலையின் குறுக்கே டயர்கள் எரிந்துகொண்டிருந்தன. கொடிகளோடு ஒரு கூட்டம் நின்றது. ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "பந்த், ஆன்ட்டி. ஆகே நஹி ஜாயேகா" என்றார். மேலே போகாது என்பது எனக்குத் தெரிந்த அரைகுறை இந்திக்கே புரிந்தது.

முந்தின நாள்தான் திண்டுக்கல்லிலிருந்து புனே வந்து, கோர்படி ரயில்வே குடியிருப்பில் என் கணவரின் நண்பர் வீட்டில் இறங்கியிருந்தோம். மகள் காவ்யாவின் பொறியியல் கல்லூரி பிம்ப்ரிப் பக்கம், ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். பட்டமளிப்பு விழா பதினொரு மணிக்கு. "பந்த் சொல்லியிருக்காங்கம்மா, எட்டுக்குள்ள கிளம்பிடுங்க" என்று அவள் இரவே எச்சரித்திருந்தாள். ஐந்நூறு ரூபாய்க்குப் பேசிய ஆட்டோ ஏழே முக்காலுக்கு வந்துவிட்டது. என் கணவர்தான் செருப்பு மாட்டவில்லை.

"திங்கக்கிழமை, ஏழரையிலேர்ந்து ஒம்பது ராகு காலம். பிள்ளை பட்டம் வாங்கற நாள்ல இப்ப படியிறங்கணுமா?"

"ரோட்டை அடைச்சிட்டா?"

"ஒம்பதாகட்டும் சொல்றேன்ல."

இப்போது ஓட்டுநர் கண்ணாடியில் இவரைப் பார்த்து, "எட்டு மணிக்கு இந்த ரோடு காலியா இருந்தது, சாப்" என்று இந்தியில் குத்தினார்.

நெடுநேரம் நகரவில்லை. காவ்யா போனில் அழைத்தாள். ஏரவாடாவில் நிற்கிறோம் என்று சொல்லும்போதே எங்கள் முன்னால் ஒரு பேருந்தின் கண்ணாடி நொறுங்கியது. "கல்லு வீசுறாங்கடி!" என்று கத்திவிட்டேன். அத்தோடு இணைப்பு அறுந்தது. பிறகு சிக்னலே இல்லை.

மாவு மில் ஒன்றின் ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளிருந்த பெண், "யா தாயி, யா" என்று மராத்தியில் கூப்பிட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். ஓட்டுநர் ஆட்டோவைச் சந்துக்குள் தள்ளிவிட்டு வந்தார். கோதுமை மூட்டைகள் மேல் உட்கார்ந்தோம். வெளியே ஓடும் சத்தம், போலீஸ் விசில். பட்டுப்புடவை முழுக்க மாவு.

பட்டமளிப்பைப் பார்க்க முடியாதது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. போனில் அப்படிக் கத்தியதற்காகத்தான் என்னையே திட்டிக்கொண்டேன். என் மகளை எனக்குத் தெரியும். அவள் மண்டபத்தை விட்டு வெளியே வராமலிருக்க வேண்டும்.

"அவ சின்னப் பிள்ளையா? அங்கேயே இருப்பா" என்றார் இவர். குரலில் உறுதி இல்லை. மில்காரி கொடுத்த தேநீர் அவர் கையில் ஆறிக் கிடந்தது.

உச்சிவெயிலில் தெரு அடங்கியது. ஓட்டுநர் ஷட்டரைத் தூக்கினார். போலீஸ் தடுப்புக்கு அப்பாலிருந்து கறுப்பு அங்கியைச் சுருட்டி அக்குளில் இடுக்கியபடி ஒரு பெண் நடந்து வந்தாள். ஒரு கால் செருப்பு அறுந்திருந்தது. சந்துச் சந்தாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். காவ்யாதான். தோழியின் ஸ்கூட்டரைத் தடுப்பிலேயே நிறுத்திவிட்டார்களாம்.

என்னைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். இவர் தயங்கித் தயங்கி, "பட்டம்?" என்றார்.

"அது தபால்ல வரும்ப்பா. கல்லு வீசுறாங்கன்னு அம்மா கத்துனப்புறம் நான் எப்படிப்பா அங்க உக்காந்திருப்பேன்?"