அம்மை போட்ட தங்கமீன்

என் வீட்டுக்காரர் தோலைத் தொட்டே அது கிடாவா பெட்டையா என்று சொல்லிவிடுவார். உயிரோடு நிற்கிற ஆட்டை இல்லை; மயிர் போய், ஆவாரம் பட்டைத் தண்ணீரில் ஊறி, காய்ந்து மஞ்சளாகிவிட்ட தோலை. கழுத்துப் பக்கம் கட்டைவிரலால் ஒரு நீவு நீவுவார். தடிப்பாக இருந்தால் கிடா. வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இருந்தால் குட்டி போட்டது. ஆம்பூர்த் தோல் ஷாப்புகளில் தரம் பிரிக்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த வித்தை ஓரளவு கைவரும். இவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பார்க்க ஆள் இருந்தால் இன்னும் கொஞ்சம் இறுக்கி மூடிக்கொள்வார்.

இதைவிட அவருக்குப் பெருமை, அம்மைத் தோலைக் கண்டுபிடிப்பதில். ஆட்டுக்கு அம்மை போட்டு ஆறியிருந்தாலும் தோலில் பொட்டுப் பொட்டாக அடையாளம் நின்றுவிடும். அது முதல் தரக் கட்டில் கலந்து கப்பலேறிவிட்டால் சீமையிலிருந்து வசவு வரும். தன் கையைத் தாண்டி அப்படி ஒரு தோல் போனதே இல்லை என்று அவரே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அவர் முகத்திலும் சின்ன வயதில் வந்த அம்மையின் தழும்பு உண்டு; கொஞ்சநஞ்சம் இல்லை. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. வீட்டில் இருந்த ஒரே கண்ணாடி உள்ளங்கை அகலம், அதுவும் நான் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அவர் அதைத் தொடமாட்டார். கன்னத்தைக் கையால் தடவிப் பார்த்தே சவரம் செய்துகொள்வார்.

இரண்டாவது உலகச் சண்டை வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு, எங்களுக்குக் கல்யாணமான புதிது. சுண்ணாம்புக் குழிகளை ஒட்டின வரிசையில் குடியிருந்தோம். அந்த நாற்றத்தை எழுதிக் காட்ட எனக்குத் திறமை போதாது. சோற்றில் இருக்கும், தலையணையில் இருக்கும், பெட்டியில் மடித்து வைத்த கல்யாணச் சேலையிலும் இருக்கும். என் அக்கா வந்தால் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போய்விடுவாள். முதலாளிக்குப் பாலாற்றுப் பக்கம் ஒரு வீடு இருந்தது. தனிக் கிணறு, ஒரு முருங்கை மரம், ஆற்றுக் காற்று. தரம் பிரிக்கிறவர்களில் தலைமையாக இருப்பவருக்குத்தான் அந்த வீடு. அதிலிருந்த பெரியவர் வேலையை விட்டுவிட்டு மகனோடு பேரணாம்பட்டுக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு இவரும் இன்னொருவரும் போட்டி. மகள் கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்கிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். எனக்கு அந்த வீடு வேண்டும். அப்படி ஒரு பொருளுக்கு நான் அதற்கு முன்பும் ஆசைப்பட்டதில்லை, பிறகும் ஆசைப்பட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் மீன் வந்தது. முதலாளி மகளுக்கு வாணியம்பாடியில் சம்பந்தம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஜோடிப் புறாவை அனுப்பியிருந்தார்கள். அது வந்த வேகத்தில் கூடு கட்டி முட்டையும் வைத்துவிட்டது. பதிலுக்குப் பெண் வீட்டிலிருந்தும் ஒரு ஜோடி போகவேண்டும், அதுவும் வாணியம்பாடியில் யாரும் பார்த்திராததாக இருக்கவேண்டும் என்று முதலாளிக்குத் தோன்றிவிட்டது. பட்டணத்துக்குப் போனவர் ஆறு தங்கமீன்களை மண்பானையில் போட்டு, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆறில் ஆணும் இருக்கிறது, பெண்ணும் இருக்கிறது என்று மட்டும் கடைக்காரன் சொல்லியிருக்கிறான். எது எது என்று கேட்டதற்கு, போகப் போகத் தெரியும் என்றானாம்.

முதலாளி பானையோடு நேராகத் தோல் ஷாப்புக்கு வந்தார். அத்தனை பேர் நடுவிலும் இவரைத்தான் கூப்பிட்டார்.

“செத்த ஆட்டையே ஆணா பொண்ணான்னு சொல்ற. இது உசுரோட இருக்குது. இதுல ஒரு ஜோடி எடுத்துக் குடு. தப்பாப் போச்சுன்னா சம்பந்தி வூட்டுல சிரிப்பாங்க.”

தெரியாது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இவரோ, அது என்ன பெரிய விஷயம் என்று சொல்லிவிட்டுப் பானையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். போட்டிக்கு நின்ற அந்த இன்னொருவர் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். அவர் இல்லாமலிருந்தால் இவர் வாய் இவ்வளவு நீண்டிருக்காது.

ஆறையும் கொல்லைக் கல்தொட்டியில் விட்டோம். ஏரியிலிருந்து கொஞ்சம் பாசி கொண்டுவந்து போட்டேன். இவர் ஒரு மீனைப் பிடித்து ஈரக்கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கட்டைவிரலால் கழுத்தைத் தேடினார். மீனுக்குக் கழுத்து இல்லை. இது அவருக்குப் பெரிய இடைஞ்சலாகப் போயிற்று. வயிற்றை நீவலாம் என்று பார்த்தால், அது வாலால் அவர் மூக்கில் ஒரு போடு போட்டுவிட்டுத் தொட்டிக்குள் குதித்தது. சிரிக்கக் கூடாது என்று நான் உள்ளே போய் உலக்கையை எடுத்து, ஒன்றும் இல்லாத உரலில் இடித்தேன்.

விஷயம் வரிசை முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்து வீட்டு பீபி வந்து பார்த்துவிட்டு, சேவலைப் பார், மயிலைப் பார், எப்போதும் ஆணுக்குத்தான் நிறம் ஜாஸ்தி, ஆகவே சிவப்பாக இருப்பது ஆண் என்றாள். ஆறும் சிவப்பு. தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, ஓயாமல் வாயைத் திறந்து திறந்து மூடுவது பெண் என்றார். ஆறும் அதைத்தான் செய்துகொண்டிருந்தன. அவர் வீட்டில் யார் ஜாஸ்தி பேசுவது என்று நான் கேட்டேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கடுதாசியெல்லாம் பக்கத்து வீட்டில் கொடுக்கப்பட்டது.

சில நாள் கழித்து ஒரு காலையில் இவர் தொட்டியடியில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது. இரண்டு மீன்களுக்குச் செவுள் மூடியின்மேல் வெள்ளை வெள்ளையாகப் பொடிப் புள்ளிகள், ரவையைத் தூவி ஒட்டவைத்தது போல. பக்கத்துச் செட்டையின் முன்விளிம்பிலும் வரிசையாக இருந்தன. போதாததற்கு அந்த இரண்டும் மற்ற நான்கையும் நிற்கவிடாமல் துரத்தித் துரத்தி வயிற்றில் முட்டின.

“அம்மை,” என்றார். “இத்தினி வருஷமா பாக்குறேன், எனக்குத் தெரியாதா? நல்லதுங்களோட வுட்டா எல்லாத்துக்கும் ஒட்டிக்கும்.”

முட்டுவது காய்ச்சல் வெறியாம். உடனே என் மீன்குழம்புச் சட்டியை எடுத்துத் தண்ணீர் ஊற்றி, பச்சைத் தோலுக்கு உப்புப் போட்ட கைப்பழக்கத்தில் அதிலும் ஒரு சிட்டிகை போட்டு, அந்த இரண்டையும் தனியாக வைத்தார். குழம்புச் சட்டியில் மீனை உயிரோடு வைத்துச் சீராட்டிய வீடு ஆம்பூரில் எங்கள் வீடாகத்தான் இருக்கும். எனக்கு அதுகள்மேல் பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனாலும் சட்டி என்னுடையது.

மீதி நான்கும் பரமசாது. ஒன்றை ஒன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதையே அவர் நல்ல லட்சணம் என்று எடுத்துக்கொண்டார். அவற்றில் பெரியதாக, முன்பக்கம் அகலமாக இருந்ததை ஆண் என்றும், இன்னொன்றைப் பெண் என்றும் தேர்ந்தெடுத்து, முதலாளி கொடுத்தனுப்பிய கண்ணாடித் தொட்டியில் விட்டு, அரிசிக் குதிர்மேல் வைத்தார். நிச்சயமாக ஆண்தானா என்று கேட்டேன். தன் கண்மேல் சத்தியம் என்றார்.

மறுநாள் காலை முதலாளியே வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. வேலை முடிந்த சந்தோஷத்தில் இவர் சாயங்காலம் விரால் மீன் வாங்கிவந்தார். எனக்குச் சட்டி வேண்டும். இவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நோயாளிகள் இரண்டையும் கல்தொட்டியில் மற்ற இரண்டோடு விட்டுவிட்டு, சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் குழம்பு வைத்தேன். அவர் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். நோயாளிகளை விசாரிக்கவில்லை.

விடிந்து பாத்திரம் தேய்க்கக் கொல்லைக்குப் போனேன். தொட்டியில் ஒரே அமளி. தண்ணீர் வெளியே தெறித்துக்கொண்டிருந்தது. புள்ளி போட்ட இரண்டும் ஒரு குண்டு மீனை நடுவில் விட்டுப் பாசிக்குள் நெருக்கி நெருக்கித் தள்ளின. அது உடம்பை உதறிக்கொள்ளும்போதெல்லாம் கசகசா மாதிரி ஏதோ சிதறிப் பாசியில் ஒட்டிக்கொண்டது. தொட்டுப் பார்த்தேன். முட்டை. முட்டை போடுகிறவளுக்குக் கன்னம் சுத்தமாக இருந்தது. துரத்துகிறவர்களுக்குத்தான் புள்ளி. ஈரக்கையோடு உள்ளே ஓடிக் குதிர்மேல் இருந்த ஜோடியைப் பார்த்தேன். இரண்டுக்கும் கன்னம் சுத்தம், இரண்டுக்கும் வயிறு பெரிசு. இரண்டும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளாமல், சண்டை போட்ட ஓரகத்திகளைப் போல ஆளுக்கொரு மூலையில் நின்றன. பாலாற்றுப் பக்கத்து வீடு என் கண்ணெதிரே கிணற்றோடும் முருங்கையோடும் போய்க்கொண்டிருந்தது.

அவரை எழுப்பிச் சொன்னேன். நம்பவில்லை. சரி, பாருங்கள் என்று, புள்ளி போட்டதில் ஒன்றைச் சொம்பில் பிடித்துவந்து கண்ணாடித் தொட்டியில் விட்டேன். அது ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு, என் வீட்டுக்காரர் கண்மேல் சத்தியம் செய்து ஆண் என்று சொன்ன அந்தப் பெரிய மீனை நேராகப் போய் வயிற்றில் முட்டியது. கொஞ்ச நேரம் துரத்தியது. அந்த ஆண் முட்டை போட்டது.

இவர் அதைப் பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. நல்லவேளையாக நேரம் இருக்கிறது, புள்ளிக்காரனையும் இந்தப் பெரியவளையும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடலாம் என்றேன். அப்போதுதான் பிடிவாதம் பிடித்தார். புள்ளி போட்டதைக் கல்யாண வரிசையில் வைத்து அனுப்பமாட்டாராம். அது ஆணாகவே இருக்கட்டும், பார்க்கிறவன் அம்மை என்றுதானே சொல்வான், இத்தனை வருஷம் ஒரு அம்மைத் தோலைக்கூட முதல் தரத்தில் சேர்த்ததில்லை, இன்றைக்கு முதலாளி மகளுக்கா சேர்ப்பேன் என்றார். தலையைக் குனிந்துகொண்டேதான் சொன்னார். சும்மா வீம்புக்குச் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அவர் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, அடுப்படியில் என் சித்தி, வேறு மாப்பிள்ளையே கிடைக்கவில்லையா, முகம் முழுக்க அம்மையாக இருக்கிறதே என்று சொன்னாள். சித்திக்கு ரகசியம் பேசத் தெரியாது. கூடம் முழுக்கக் கேட்டது. இவர் மோர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் சொல்வது சரிதான், ஆனால் காதில் மட்டும் அம்மை போடவில்லை, நன்றாகக் கேட்கிறது என்றார். நான் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இவரைத்தான் கட்டிக்கொள்வது என்று அங்கேயே முடிவு செய்தேன். அதை அவரிடம் நான் சொன்னதே இல்லை. அன்றைக்குச் சொன்னேன்.

“எங்க சித்தி உங்களைக் கழிச்சுப் போட்டாங்க. நான்தான் எடுத்து முதல் தரத்துல வச்சேன். இன்னி வரிக்கும் ஒரு புகார் சொல்லியிருக்கேனா?”

அவர் எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பெரியவளை விட்டுவிட்டு, சுத்தக் கன்னத்து இன்னொன்றை எடுத்துச் சொம்பில் விட்டு, புள்ளிக்காரனைக் கண்ணாடித் தொட்டியிலேயே விட்டுவைத்தார்.

முதலாளி வந்தார். கூடவே, கண்ணாடித் தொட்டியைத் தூக்க என்ற சாக்கில் அந்த இன்னொருவரும் வந்தார். வந்ததும் வராததுமாகக் குனிந்து பார்த்து, ஒன்றுக்கு முகத்தில் அம்மை போட்டிருக்கிறது என்று முதலாளியிடம் காட்டியவர் அவர்தான். முதலாளி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முகம் மாறியது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அம்மை இல்ல முதலாளி, ஆணுக்கு அதான் அடையாளம்,” என்றார் இவர். கொல்லைக்கு அழைத்துப்போய்ப் பாசியிலிருந்த முட்டைகளைக் காட்டினார். அதற்குள் பெற்றதுகளே பாதியைத் தின்றுவிட்டிருந்தன, மீதி இருந்தது. பிறகு தன் கன்னத்தை ஒரு முறை தடவிக்கொண்டு, “அம்மையாவே இருந்தாலும் இன்னா? பொண்ணு வேணாம்னு சொல்லலையே,” என்றார்.

முதலாளி அவர் முகத்தைப் பார்த்தார். கதவருகில் நின்ற என்னைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் சிரித்தார். அந்த இன்னொருவர் தொட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தளும்பத் தளும்பப் பின்னால் போனார்.

கல்யாணம் முடிந்தது. தலைமை வேலை இவருக்கு வந்தது, ஆற்றுப் பக்கத்து வீடும் வந்தது. காற்று திரும்பினால் அங்கேயும் நாற்றம் வரும் என்பது குடிபோன பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் என் அக்கா உள்ளே வந்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து வாணியம்பாடியிலிருந்து சேதி வந்தது. மீன் முட்டை வைத்ததாம், வீடே கூடிப் பார்த்ததாம். ஆனால் இப்போது ஆண் மீனுக்கு முகத்துப் புள்ளியெல்லாம் மறைந்துவிட்டது, ஒருவேளை அது பெண்ணாகிவிட்டதா என்று முதலாளி மகள் கேட்டனுப்பியிருந்தாள். பருவம் முடிந்தால் மறைந்துவிடும்போலிருக்கிறது, எங்கள் தொட்டியில் இருந்ததற்கும் போய்விட்டது, பயப்பட வேண்டாம் என்று இவர் பதில் சொல்லியனுப்பிவிட்டு வந்து கிணற்றடியில் உட்கார்ந்தார். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

“அதுக்கு மறைஞ்சிடுச்சு,” என்றார். “எனக்குத்தான் மறையல.”

“மறைஞ்சா நான் உங்களை எப்படிக் கண்டுபுடிப்பேன்?” என்றேன்.

அவர் அந்த வாரச் சந்தையில் முழு முகமும் தெரிகிற கண்ணாடி ஒன்று வாங்கிவந்து கிணற்றடித் தூணில் மாட்டினார். மறுநாள் காலை முதல்முறையாகக் கண்ணாடி பார்த்துச் சவரம் செய்து, பழக்கமில்லாததால் கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார்.