மாடு மேய்த்தவர்களுக்காகக் குரல் தழுதழுத்தவர்

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது, என்னோடு ஆங்கிலத் துறையில் வேலை பார்க்கும் லதா போனில் சொன்னாள்: "மேரி, ஞானசிகாமணி சார் போயிட்டாரு, கேட்டியா?" எனக்கு அழுகை வரவில்லை. துறைத்தலைவராக இருந்த அவருக்குக் கீழே பத்தொன்பது ஆண்டு இருந்தவள் என்பதால், கல்லூரி அஞ்சலி மலருக்கு ஒரு பக்கம் கேட்டார்கள். புகழ்ந்து எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நடந்ததை நான் எழுதுகிறேன். அவரை அறிந்த உங்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல.

ஆங்கில மொழி வரலாற்றை அவரைப்போல் நடத்த ஆள் கிடையாது. அதை மறுக்க மாட்டேன். படகேறி வந்தவர்களின் பேச்சாக அது இங்கிலாந்தில் கரைசேர்ந்ததையும், பிரெஞ்சு பேசிய பிரபுக்கள் நாட்டைப் பிடித்தபின் அடுக்களையிலும் தொழுவத்திலும் ஒதுங்கிக் கிடந்ததையும் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். "மாடு மேய்ச்சவன் வாயிலதான் அது உயிரோட கெடந்தது," என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஒரு கருத்தரங்கில் விருந்தினரை வரவேற்றுப் பேசிக்கொண்டிருந்தேன். முகத்தைச் சுளித்தபடி நடுவில் எழுந்து வந்து மைக்கை வாங்கினார். "மேடத்துக்கு ஊர் முட்டம். மீன் ஏலம் முடியட்டும், நாம பொறவு தொடங்குவோம்," என்றார். என் கடற்கரை உச்சரிப்பைத்தான் சொன்னார். அரங்கமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்தப் பாடத்தை ஒரே ஒரு வருடம் எனக்குத் தாருங்கள் என்று மூன்று முறை கேட்டேன். படித்த காலத்திலிருந்து நான் ஆசைப்பட்ட பாடம் அது. "ஒங்களுக்கு எதுக்கும்மா இந்தப் பாடு? அதுக்கு நாக்கு வளைஞ்சு வழங்கணும்," என்றார். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மாட்டுக்காரனுக்காக உருகிய மனுஷர், அடுத்த மேசைக்காரியிடம் இப்படிப் பேசினார். ஓய்வு பெறும்வரை அதை விடவே இல்லை. பிறகுதான் என் கைக்கு வந்தது.

அவரை அடக்கம் செய்த மறுநாள் எனக்கு அதே வகுப்பு. குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவரின் மகள் எழுந்து ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினாள். பாதியில் நின்றுவிட்டாள்.

"ஏன் நிறுத்திட்ட?"

"ஒண்ணுமில்ல மேடம். நான் பேசும்போ எல்லாம் நீங்க மொகத்த சுளிக்கீங்க."

எனக்கு அது தெரியவே தெரியாது. அவரிடமிருந்து எனக்கு வந்தது அந்தப் பாடம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அந்த முகமும் என்னிடம்தான் இருக்கிறது. போகும்போது அதையாவது நீங்கள் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், சார்.