முந்தியை முதலில் விரித்தவன்

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் பதினெட்டு வருஷமாகப் புடவை விரித்துப் போடுகிறேன். வீட்டில் ஏழு வருஷமாக ஒரு நாவல் எழுதினேன். முதல் வேலைக்குச் சம்பளம் உண்டு. இரண்டாவதற்கு மனைவியின் முறைப்பு மட்டும்.

நாவலைப் பதிப்பகங்களிடம் கொண்டு சேர்க்க ஏஜென்ட் வேண்டும் என்று யாரோ முகநூலில் எழுதியிருந்தார்கள். சென்னையில் ஓர் அம்மாள் அந்த வேலை செய்கிறார் என்று தேடிக் கண்டுபிடித்தேன்.

“ஏஜென்ட்டுன்னா இன்னா பண்ணுவாங்க?” என்றாள் மனைவி.

“நம்ம கதைய நாலு எடத்துல காட்டி, நல்லாக்குதுன்னு சொல்லி விப்பாங்க.”

“கடையில நீ பண்றதுதான அது? நீயே போய்க் காட்டேன்.”

யாரோ நெய்த புடவையை நாள் முழுக்கப் புகழ எனக்குக் கூச்சமில்லை. என் நாவலைப் பற்றி நாலு வரி எழுத மூன்று வாரம் ஆனது.

முதல் மூன்று அத்தியாயங்களை அனுப்பும்படி அந்த அம்மாளின் இணையதளத்தில் தெளிவாகவே போட்டிருந்தது. அங்கேதான் என் கடைப்புத்தி குறுக்கே வந்தது. நாங்கள் புடவையின் உடலை யாருக்கும் முதலில் காட்டுவதில்லை. முந்தியைத்தான் விரிப்போம். ஜரிகையெல்லாம் அங்கேதான் கொட்டிக் கிடக்கும். அதில் மனசு விழுந்தால் மிச்சத்தை அவர்களே பிரித்துப் பார்ப்பார்கள். என் நாவலின் முந்தி, கடைசி அத்தியாயம். அதை மட்டும் அனுப்பினேன்.

பத்தாம் நாள் பதில் வந்தது. ‘முடிவு நன்றாக இருக்கிறது. அழுகிறவர் யார், செத்தவர் யார் என்றுதான் தெரியவில்லை. முதல் மூன்று அத்தியாயங்களை அனுப்புங்கள். படித்துவிட்டுச் சொல்கிறேன்.’

அன்றைக்கே அனுப்பினேன். ஐந்து மாதம் ஆகிறது. ‘நன்றாக இருக்கிறது’ என்ற இடத்தை மட்டும் போனில் தினமும் ஒரு தடவை படிக்கிறேன். அதற்குக் கீழே போவதில்லை.

‘படித்துவிட்டுச் சொல்கிறேன்’ என்பதன் அர்த்தம் என்னைவிட யாருக்குத் தெரியும்? முப்பது புடவை விரிக்கச் சொல்லிவிட்டு, “சுத்திப் பாத்துட்டு வரோம்பா” என்று செருப்பு மாட்டுகிறவர்களைப் பதினெட்டு வருஷமாக வழியனுப்புகிறவன் நான். முன்பெல்லாம் அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் மடித்து அடுக்கிவிடுவேன்.

இப்போது கை வருவதில்லை. போன வாரம் ஓர் அம்மா மயில்கழுத்து நிறப் புடவையை வெகுநேரம் மடியில் வைத்திருந்துவிட்டு அதையேதான் சொல்லிப் போனார். அதை விரித்தபடியே ஓரமாக வைத்தேன்.

கூட வேலை செய்யும் அண்ணன் சாயங்காலம் வரை பொறுத்துப் பார்த்தார்.

“யாருக்குப்பா இது?”

“காலைல வந்தாங்களே, அவங்களுக்குண்ணே. வரேன்னாங்க.”

“அவங்க பஸ் ஏறி ஊரே போய்ச் சேர்ந்திருப்பாங்க. நேத்து வேலைக்கு வந்தவன் மாதிரி பேசிக்கினு இருக்குற. மடிப்பா.”

“இருக்கட்டும்ண்ணே. ஷட்டர் இறக்க இன்னும் நேரம் இருக்குது.”

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவசரமாக எடுத்தேன். வரும்போது தயிர் வாங்கிவரச் சொல்லி மனைவி.

போனை உள்ளே போட்டுவிட்டு, வாசலிலிருந்து பார்த்தால் தெரியும்படி முந்தியை இன்னும் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டேன்.