தேதி தெரியாத சலூன்காரர்

சலூன்காரர் பிரஷ்ஷைச் சுழற்றிச் சுழற்றி நுரையைக் குழைத்துக்கொண்டிருந்தார். எதிரே நாற்காலியில் சாய்ந்திருந்தவர் சபைச் செயலாளர். நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

"படிவத்துல மொத்தம் ஏழு கட்டம்" என்றார் செயலாளர், மேலுதட்டில் நுரையோடு. "அஞ்சாவதுதான் முக்கியம். இரட்சிக்கப்பட்ட தேதி. மனந்திரும்பி ஆண்டவர்கிட்ட வந்த நாள். மத்ததெல்லாம் நானே எழுதிட்டேன். அதை மட்டும் நீங்க போட்டுக் குடுத்தா..."

"வாயை மூடுங்க ஐயா. கத்தியை எடுத்துட்டேன்."

செயலாளர் மூடினார். அவர் வாயை மூட வைக்க ஊரில் இந்த ஒருவரால்தான் முடியும், அதுவும் வாரத்துக்கு இரண்டு முறை, பத்துப் பத்து நிமிஷம்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சபையிலிருந்து ஒரு குழு போகும். பாடுகிறவர்கள் உண்டு, ஜெபம் பண்ணுகிறவர்கள் உண்டு. சலூன்காரர் இரண்டும் செய்யமாட்டார். எழுந்திருக்க முடியாத ஆண்களுக்கு முகச்சவரம் செய்துவிட்டு வருவார். பன்னிரண்டு வருஷமாக இதே வேலை. இப்போது ஆஸ்பத்திரியில் கண்டிப்பு வந்துவிட்டது: சபை தரும் அட்டை கழுத்தில் இல்லாமல் காலை நேரத்தில் யாரும் வரக் கூடாது. யாருக்கு அட்டை என்று முடிவு செய்யச் செயலாளர் படிவம் தயாரித்துவிட்டார்.

"இத்தனை வருஷம் இல்லாம இப்ப எதுக்குத் தேதி?" கத்தியைத் துணியில் துடைத்தபடி கேட்டார் சலூன்காரர்.

"ஆண்டவரை அறியாதவன் அவரைப் பத்தி என்னத்தைச் சொல்லுவான்? எனக்குத் தேதி மட்டுமில்ல, மணியே தெரியும். சாயங்காலம் ஆறே முக்கால். நல்ல மழை. குடையைக்கூட அங்கேயே விட்டுட்டு ஓடியாந்தேன்."

"குடை கிடைச்சுதா?"

"அது கிடைக்கல."

"கன்னத்தைக் கொஞ்சம் உப்புங்க."

கிண்டல் செய்தாரே தவிர, அந்த ஆறே முக்கால் பொய்யில்லை என்று சலூன்காரருக்கு நன்றாகத் தெரியும். அதற்கு முன்னால் குடித்துவிட்டு வந்து இதே நாற்காலியில் குறட்டை விட்டவர் இவர். அதற்குப் பின் ஒருநாளும் அந்த வாடை வீசியதில்லை.

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுச் செயலாளர் இறங்கிப் போனார்.

சலூன்காரருக்குக் கவலை தன்னைப் பற்றியதல்ல, தபால்காரரைப் பற்றியது. பக்கவாதத்தில் வலப்பக்கமும் பேச்சும் போய், ஆண்கள் வார்டில் எட்டு மாதமாகக் கிடக்கிறார். அப்படிப்பட்ட முகத்தைச் சவரம் செய்வது தனி வித்தை. தொங்கிய கன்னத்தில் உணர்ச்சி இருக்காது, வெட்டினாலும் அவருக்குத் தெரியாது. தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது, எச்சில் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். முன்பு யாரோ அவசரத்தில் இரண்டு தடவை கிழித்துவிட்டார்கள். அதிலிருந்து வேறு யார் கத்தியோடு வந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்துக்கொள்வார். தாடி வளர்ந்தால் வாயில் வழிவது அதிலேயே ஊறிப் புண்ணாகும். சென்ற சனிக்கிழமை சலூன்காரர் போக முடியாததால் ஏற்கெனவே தாடை ஓரம் சிவந்திருப்பதாக வார்டு சிஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

சாயங்காலம் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி எதிரே துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"கல்யாண நாளே நான் சொன்னாத்தான் உங்களுக்குத் தெரியும். இதுல இரட்சிக்கப்பட்ட நாளா? நல்ல ஆளைப் பிடிச்சுக் கேட்டாரு."

ஞானஸ்நானம் கைக்குழந்தையிலேயே ஆகிவிட்டது. அது கணக்கில் சேராதென்று செயலாளர் முன்பே சொல்லியிருந்தார். பதினோரு வயதில் மைதானத்துக் கூட்டத்தில், ஆண்டவரை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்கச் சொன்னபோது தூக்கினார். பக்கத்துப் பையன் தூக்கினான், இவரும் தூக்கினார். போன வருஷத்தது செல்லுமோ செல்லாதோ என்ற பயத்தில் அடுத்த வருஷமும் தூக்கினார். மூன்றாம் வருஷம் பிரசங்கியாரே மேடையிலிருந்து, "தம்பி, நீ ரெண்டு தடவை வந்தாச்சு, கையை இறக்கு" என்றார். கூட்டமே சிரித்தது. அதில் எதைப் போடுவது?

இருபத்தெட்டு வயதில் ஒன்று நடந்தது. அப்பா காலத்துக் கடையிலிருந்து பொய் சொல்லிக் காலி செய்யவைத்த கட்டடச் சொந்தக்காரர், ஏதோ கல்யாண அவசரத்தில் இவருடைய புதுக் கடைக்கே வந்து கண்ணை மூடி உட்கார்ந்தார். தொண்டைக்குழிமேல் கத்தி. பூப்போல வழித்து, வெந்நீர்த் துணியால் ஒத்தி அனுப்பிவைத்தார். மனம் மாறிவிட்டதென்று ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தார். பிறகு யோசித்தால், வந்த வாடிக்கையை விட மனசில்லாமலும் இருந்திருக்கலாம்.

இரண்டாவது பெண் நாலு வயதில் காய்ச்சலில் போனாள். அதற்குப் பின்னும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உதட்டை அசைத்தார். உள்ளே ஒன்றுமில்லை. அப்படி ஏழு வருஷம். மனைவிக்குத் தெரியும். கேட்டதில்லை.

அது திரும்பி வந்ததுதான் வேடிக்கை. ஒரு மதியம், ஆளில்லாத கடையில் தோல்வாரில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தபோது, தான் யாரிடமோ புலம்பிக்கொண்டிருப்பது அவர் காதிலேயே விழுந்தது. எதிர்க்கடைக்காரன் குப்பையை இவர் வாசலில் தள்ளுகிறான் என்ற புகார். யாரிடம் சொல்கிறோம் என்று யோசித்தார், ஆண்டவரிடம்தான் என்று புரிந்தது. இது இன்று ஆரம்பித்ததில்லை என்பதும் புரிந்தது. கோபத்தில் பேச்சு நின்ற வீட்டில், 'அந்த உப்பை எடு' என்பதில் தொடங்கி, சண்டையை மறந்தாற்போலப் பேச்சு வந்துவிடுமே, அப்படி.

அதை மனைவியிடம் சொன்னார். "அப்ப அந்தக் குப்பைப் புகார் சொன்ன நாளையே போடுங்க" என்றார் அவர்.

"அன்னைக்குத்தான் காதுல விழுந்துச்சு. எப்ப ஆரம்பிச்சேனோ, யாருக்குத் தெரியும்?"

"ஏதோ ஒண்ணைப் போடுங்களேன். செயலாளர் பரலோகம் வரைக்கும் போயா சரிபாக்கப் போறாரு?"

"அவர் போவார்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு சலூன்காரர் பேனாவை எடுத்தார். ஒரு தேதி போட்டால் நாளைக் காலை வார்டுக்குள் இருப்பார். தபால்காரருக்காக ஒரு பொய், அவ்வளவுதான். ஆனால் யாரைப் பற்றி அந்தப் பொய்யோ அவரோடுதானே நாளெல்லாம் பேச்சு? நாளைக்கு எந்த முகத்தோடு பேசுவது? ஐந்தாம் கட்டத்தில் 'தெரியாது' என்று எழுதினார்.

மனைவி எட்டிப் பார்த்தார். "சரி, சட்டையை மாத்திக்கிட்டுப் போய்க் குடுங்க."

செயலாளர் தம் வீட்டு வாசல் விளக்கடியில் நின்றே படித்தார். "தெரியாதா? இது என்ன பரீட்சையா?"

"பொய் எழுதச் சொல்றீங்களா ஐயா?"

"ஐயோ, சொல்ல மாட்டேன். ஆனா அட்டையும் தர முடியாது. உங்களுக்குக் குடுத்தா ஆளாளுக்குக் கட்டத்தைக் காலியா விடுவாங்க."

"நான் காலியா விடலையே."

செயலாளர் ஐந்தாம் கட்டத்தை இன்னொரு முறை பார்த்தார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் படிவத்தை 'நிராகரிக்கப்பட்டவை' உறையில் வைத்தார். அந்த உறையில் அது ஒன்றுதான்.

திரும்பி நடக்கும்போது சலூன்காரருக்கு நெஞ்சில் ஏதோ குத்தியது. தபால்காரரை நினைத்தென்றுதான் முதலில் எண்ணினார். இல்லை. வருஷாவருஷம் கோயிலில் குழுவின் பட்டியலை வாசிக்கும்போது தம் பெயரும் வரும், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதன்மேல் இவ்வளவு ஆசை இருந்திருக்கிறது. அறுபத்து மூன்று வயதில் இதுவும் தெரியவந்தது. தெருமுனை வருவதற்குள் அதைச் சொல்லவேண்டியவரிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை ஆறரைக்கு, சலவை வண்டியும் சிலிண்டர் வண்டியும் வரும் பின்வாசலுக்குப் போனார். வேலைக்கு வருகிறவர்களிடம் அங்கே அட்டை கேட்பதில்லை, நோட்டில் எழுதினால் போதும். காவலாளி நோட்டைத் திறந்தார்.

"என்ன வேலை?"

"முகச்சவரம்."

"யார் கூப்பிட்டது?"

"ஆண்கள் வார்டு சிஸ்டரைக் கேளுங்க."

போனில் சிஸ்டர் போட்ட சத்தம் வெளியே நின்றவருக்கும் கேட்டது. "அவரை ஏன்யா நிறுத்தி வச்சிருக்க? அனுப்பு மொதல்ல!"

சலவைத் தள்ளுவண்டிக்குப் பின்னால் உள்ளே போனார். குரலைக் கேட்டதும் தபால்காரர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். தலையணை இரண்டை முட்டுக்கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்து, சிவந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் நுரை பூசினார். தொங்கிய கன்னத்தை உள்ளிருந்து ஒரு விரலால் தாங்கி, வழிக்கத் தொடங்கினார்.

பாதி முடிந்தபோது குழு பாடிக்கொண்டே வந்தது. செயலாளர் கழுத்தில் அட்டையோடு கட்டிலருகே வந்து நின்றார். சலூன்காரரைப் பார்த்தார்.

"அட்டைக்காரரே, சும்மா நிக்காம அந்த வெந்நீரைப் பிடிங்க" என்றார் சிஸ்டர், போகிற போக்கில்.

செயலாளர் பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம் கீழே ஐயா" என்றார் சலூன்காரர். "அப்படித்தான்."

தாடையை முடித்து, துடைத்து, சிவந்த இடத்தில் சிஸ்டர் கொடுத்த களிம்பைத் தடவினார். தபால்காரர் இடக்கையால் தம் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். சலூன்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். செயலாளர் வெந்நீரோடு பின்னாலேயே போனார்.